முப்பத்தோரு வோல்ட்

பேரு புனிதன். வயசு இருபத்தேழு. இப்ப இருக்கிற இடம் மலேசியா, நெகிரி செம்பிலான், சுவாங்கிற ஊருக்கு உள்ள தள்ளி ஒரு எஸ்டேட்டு. எஸ்டேட்டுன்னு பேருதான். பாமாயில் எடுக்கிற செம்பனை மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டு இப்ப கண்ணுக்கெட்டின தூரம் சோலார் பலகை. கணக்கு எழுதுற கிராணியோட பழைய ஆபீசு ஒண்ணு மட்டும் இடிக்காம நிக்குது. அதுல முன்பக்கம் ஒர்க்‌ஷாப்பு, பின்பக்கம் அவனோட ரூமு.

வீட்டுல எல்லாரும் மாறி மாறிக் கேக்குறீங்க, ஏன் பையன் சரியாப் பேச மாட்டேங்குறான், போனை எடுத்தாலும் ம்ம், ம்ம்னு மட்டும் சொல்றான்னு. நடந்ததை முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

அந்தப் பலகைங்களுக்கு நடுவுல லாரி மேல ஏத்துற பெட்டி மாதிரி எட்டு கேபின் இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் இன்வெர்ட்டர். வெயில்ல இருந்து வர்ற கரண்டை ஊருக்குப் போற கரண்டா மாத்துற மெஷின். அதோட உசிரு உள்ள இருக்கிற கறுப்பு ஸ்விட்சுங்கதான். உள்ளங்கை அகலம் இருக்கும், ஒரு செகண்டுக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் தடவ தொறந்து மூடும். தொறக்கவும் மூடவும் அதுக்கு உத்தரவு போற கால் ஒண்ணு இருக்கு. அந்தக் கால்ல இருபது வோல்ட்டைத் தாண்டிச்சுன்னா ஸ்விட்சு செத்துரும். செத்தா சும்மா சாகாது, வெடிச்சுட்டுத்தான் சாகும்.

மூணு மாசத்துல மூணு கேபின் வெடிச்சுது. மூணும் காலையில, வெயில் ஏறி மெஷின் எழும்புற நேரத்துல. மூணாவது தடவ கேபின் கதவே பிச்சுக்கிட்டு நாலடி தள்ளிப் போய் விழுந்துது. தினமும் காலையில அந்தக் கதவு முன்னாடி நின்னு மெஷினைக் கிளப்புறது லோகேஸ்வரி அக்கா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், அதே எஸ்டேட்டு லயத்து வீட்டுல பொறந்து வளர்ந்தவங்க, பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போடுவாங்க. அன்னிக்கு பட்டனை அமுக்கிட்டு, மோட்டார் சைக்கிள்ல மாட்டி வச்சிருந்த தண்ணி போத்தலை எடுக்கத் திரும்பியிருக்காங்க. அந்த நாலு எட்டுதான் அவங்களைக் காப்பாத்துச்சு. மறுநாளே வேலைக்கு வந்துட்டாங்க. கேட்டதுக்கு, வீட்டுல உக்காந்திருந்தா மட்டும் வெடிக்காதான்னாங்க.

அதுக்கப்புறம் கம்பெனி பெரிய ஆளுங்களா ரெண்டு பேரைக் கூப்பிட்டுச்சு.

ஒருத்தர் யோகேந்திரன். மெஷின் செஞ்ச கம்பெனியோட ஆளு. ரெம்பாவ் பக்கம் ரப்பர் பால்மரம் சீவின குடும்பம். பாலிடெக்னிக் முடிச்சு, பினாங்கு பேக்டரியில சோல்டர் வச்சு ஆரம்பிச்சவரு. அப்புறம் ஜெர்மனி, அப்புறம் சைனா, இருபத்திரண்டு வருஷம் இந்த ஒரு பொருளோடயே குடித்தனம். ஸ்விட்சுக்கு உத்தரவு குடுக்கிற அந்த போர்டை வரைஞ்சதே அவர்தான். பேசும்போது கண்ணை மூடிக்கிட்டுப் பேசுவாரு, தூங்கிட்டே பேசுற மாதிரி இருக்கும்.

இன்னொருத்தர் டாக்டர் ரோகினி. சிரம்பான் தெமியாங்குல வீடு. ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணிட்டு வந்து இங்க யுனிவர்சிட்டியில பன்னண்டு வருஷமா வேலை. இன்னும் பேராசிரியர் ஆக்கல. சோலார் கம்பெனி சார்பா வந்தாங்க. வரும்போதெல்லாம் காருக்குள்ள ஒரு கட்டு பரிச்சைப் பேப்பர் கெடக்கும், சைட்டுல ஹெல்மெட்டோட உக்காந்து திருத்துவாங்க.

ரெண்டு பேரும் பெரிய ஆளுங்க. ஆனா ரெண்டு பேருமே ஸ்கோப்பைத் தொடல. ஸ்கோப்புங்கிறது கரண்டு எப்படி ஆடுதுன்னு திரையில படமாக் காட்டுற கருவி. அளக்கிறது புனிதன் வேலை. கேபின்ல இருந்து கழட்டின ஸ்விட்சையும் போர்டையும் ஒர்க்‌ஷாப்பு மேசையில வச்சு, கம்மியான வோல்ட்டுல ஓட்டிப் பார்த்தான். கால்ல ஒரு ஸ்பைக்கு தெரிஞ்சுது. ஊசி மாதிரி ஒரு எகிறல். முப்பத்தோரு வோல்ட்.

அன்னிக்கு அவனுக்கு இருந்த சந்தோஷத்தை நீங்களே போன்ல கேட்டீங்க. ஊர்ல எம்.ஈ முடிச்சு, ரெண்டு வருஷம் அதே காலேஜுல லெக்சரரா நின்னு, அரைச் சம்பளத்துக்கு நூத்தி இருபது புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவன். இங்க வந்து ஒரு வருஷத்துல, பெரிய பெரிய ஆளுங்க தேடுனதை அவன் கண்டுபிடிச்சிருக்கான். படத்தை அனுப்பினதும் யோகேந்திரன் சார் போன் போட்டாரு. இது என் போர்டுதான், எனக்கு அப்பவே சந்தேகம்னாரு. டாக்டர் ரோகினி அதை வச்சு ஒரு கட்டுரையே எழுத ஆரம்பிச்சுட்டாங்க. ரிப்போர்ட்டும் தயாராச்சு. தப்பு மெஷின்ல, சைட்டுல இல்ல. கடைசிப் பக்கத்துல வல்லுநர்கள்னு போட்டு அவங்க ரெண்டு பேரோட படிப்பு, வேலை, விருது எல்லாம் ஆளுக்கு அரைப் பக்கம். அதை டைப் அடிச்சதும் புனிதன்தான். அதுக்குக் கீழ ஒரே வரி: அளவீடு, புனிதன். அந்த வரியைத்தான் போட்டோ எடுத்து உங்களுக்கெல்லாம் அனுப்பினான்.

சைட்டு மேனேஜரு சுகுமாறன். எல்லாரும் பாஸ்னுதான் கூப்பிடுவாங்க. புனிதன் இங்க தங்கி வேலை பாக்குறதுக்கான வேலை பாஸைப் புதுப்பிக்கிற விண்ணப்பப் பாரம் அவர் மேசையில இருந்துச்சு. திங்கக்கெழமை பத்து மணிக்கு மீட்டிங், எல்லாரும் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடணும். அதை முடிச்சுட்டு இதையும் போட்டுத் தரேன் தம்பின்னாரு.

யோகேந்திரன் சார் தன்னோட போர்டைத் திருத்தி புதுசா ஒண்ணு அனுப்பியிருந்தாரு. ஒண்ணை மூணாம் நம்பர் கேபின்ல மாட்டியாச்சு, திங்கக்கெழமை காலையில லோகேஸ்வரி அக்கா கிளப்பணும். இன்னொண்ணு மேசைக்கு. பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படம் எடுத்து ரிப்போர்ட்டுல ஒட்டணும், அவ்வளவுதான் மிச்சம்.

ஞாயித்துக்கெழமை காலையில, வேலையை முடிச்சுட்டு பக்கத்துல பி.டி.ங்கிற ஊர்க் கடற்கரைக்குப் போயிட்டு வரலாம்னு புது போர்டை மாட்டி ஓட்டினான். முப்பத்தோரு வோல்ட்.

ஒரு வோல்ட்டு கூட எறங்கல. போர்டே வேற, உள்ள இருக்கிற சாமானே வேற, ஸ்பைக்கு மட்டும் அச்சுல வார்த்த மாதிரி அதே எடத்துல நிக்குது. அளந்த விதத்துலயே ஏதோ தப்போன்னு சந்தேகம் வந்துச்சு.

அளக்கிற ஒயருக்கு புரோப்புன்னு பேரு. அதோட நுனி ஒரு எடத்துல தொடும். பக்கத்துல இருந்து கறுப்பு ஒயர் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், முனையில முதலை வாய் மாதிரி ஒரு க்ளிப்பு. அதை எர்த்துல கவ்வ விடணும். அவன் நுனியையும் க்ளிப்பையும் ஒரே எடத்துல வச்சான். ஒரே எடத்துக்கும் ஒரே எடத்துக்கும் நடுவுல வோல்ட்டு ஏது, கோடு தட்டையா இருக்கணும். இல்ல. அங்கயும் ஊசி ஊசியா எகிறுது.

அந்தக் கறுப்பு ஒயர் ஒரு சாண் நீளம். அவ்வளவு வேகமா ஸ்விட்சு தொறந்து மூடுற எடத்துல, அந்த ஒரு சாண் ஒயரு ஏரியல் மாதிரி ஆயிரும். காத்துல இருக்கிறதையெல்லாம் இழுத்துத் திரையில காட்டும். அதுக்குத்தான் புரோப்பு வாங்கும்போதே கடுகளவு ஸ்பிரிங்கு ஒண்ணு பாக்கெட்டுல போட்டுத் தருவாங்க. நீள ஒயரைக் கழட்டிட்டு அதைச் சொருகணும். புஸ்தகத்துல இருக்கு. அவனும் படிச்சிருக்கான். ஆனா காலேஜு லேபுல அந்த ஸ்பிரிங்கு தொலைஞ்சிரும்னு பாக்கெட்டைப் பிரிக்காம பீரோவுல வச்சுப் பூட்டியிருப்பாங்க. ஆறு வருஷம் படிச்சப்பயும் க்ளிப்புதான், ரெண்டு வருஷம் சொல்லிக் குடுத்தப்பயும் க்ளிப்புதான். கை அதுக்கே பழகிப்போச்சு.

பையைத் துழாவினான். ஸ்பிரிங்கு பாக்கெட்டு இங்கயும் பிரிக்காமதான் இருந்துச்சு. பிரிச்சான், சொருகினான், ஓட்டினான். பதினாறு வோல்ட். கோடு தட்டை. பழைய போர்டைப் போட்டான், பதினாறு. மூணு தடவ மாத்தி மாத்திப் போட்டான். ஸ்பைக்கே இல்ல. எப்பவும் இருந்ததில்ல. ரெண்டு பெரிய ஆளுங்க ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டது அவன் கையில இருந்த ஒயருக்காக.

கடற்கரைக்குப் போகல. ஸ்டூல்ல உக்காந்தே இருந்தான். சொல்லலைன்னா ரிப்போர்ட்டு போகும், பாரத்துல கையெழுத்து விழும், ரெண்டு வருஷம் இங்க இருக்கலாம். சொன்னா, அளவீடுன்னு போட்ட ஒரே வரியும் பொய்யின்னு ஆயிரும், வேலை பாஸும் போயிரும். அப்படியே விட்டுரலாம்னு ஒரு நிமிசம் இல்ல, ரெண்டு மணி நேரம் நெனச்சான். ஆனா ஸ்பைக்கு இல்லைன்னா மூணு கேபினை வெடிக்க வச்சது எது? அது எதுவோ அது இன்னும் உள்ளதான் இருக்கு. நாளைக்குக் காலையில அந்தக் கதவு முன்னாடி லோகேஸ்வரி அக்கா நிப்பாங்க.

சாயங்காலம் மோட்டாரை எடுத்துக்கிட்டு தெமியாங்குக்குப் போனான். டாக்டர் ரோகினி வீட்டு வாசல்ல துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு படத்தையும் போன்ல காட்டினான். மடிச்ச துணியை மடியிலயே வச்சுக்கிட்டு பார்த்தாங்க.

"ஸ்பிரிங்கு போட்டு எடுத்தியா?"

"ஆமா டாக்டர்."

"மொதல்ல ஏன் போடல?"

"பழக்கமில்ல டாக்டர். எங்க லேபுல யாரும் போட்டதில்ல."

அவங்க திட்டல. திட்டியிருந்தா அவனுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். அடுத்த துணியை எடுத்து மடிச்சாங்க.

"நீ அனுப்பின மொத போட்டோவுல மேசை ஓரத்துல அந்தக் கறுப்பு ஒயரு தெரிஞ்சுது புனிதன். நீளமா இருக்கேன்னு பாத்தேன். கேக்கணும்னு தோணிச்சு. கேக்கல."

"ஏன் டாக்டர்?"

"அந்த ஸ்பைக்கு எனக்கு வேண்டியிருந்துச்சு."

அதுக்கு மேல அவங்க வெவரம் சொல்லல. கட்டுரையை அனுப்பி மூணு வாரம் ஆச்சுன்னு மட்டும் சொன்னாங்க. உள்ள இருந்து யாரோ சாப்பிடக் கூப்பிட்டாங்க. அவனையும் சாப்பிட்டுப் போகச் சொன்னாங்க, அவன் வேணாம்னுட்டான். நாளைக்கு அவங்களே மீட்டிங்குல சொல்லிருவாங்களான்னு கேட்டான். அளந்தது நீ, நீ சொல்லாம நான் எப்படிச் சொல்றது, நீ சொன்னா நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்னாங்க. திரும்பி வர்ற வழி பூரா அந்தப் பேச்சு உதவியா இல்லையான்னு அவனுக்குப் புரியல.

திங்கக்கெழமை விடிஞ்சதும் நேரா மூணாம் நம்பர் கேபினுக்குப் போயிட்டான். லோகேஸ்வரி அக்கா அப்பத்தான் மோட்டாரை நிறுத்துறாங்க. கிளப்ப வேணாம்க்கா, போர்டு காரணமில்ல, நான்தான் தப்பா அளந்துட்டேன்னான். அவங்க அவனை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"ரெண்டு டாக்டர் வந்து பாத்தாங்களேலா."

"ஒருத்தர்தான்க்கா டாக்டர்."

"யாரோ ஒருத்தரு. கொண்டா, தொறக்கிறேன், நீயே பாரு. தொடைக்காம கிளப்ப முடியாது எப்படியும்."

எதைத் தொடைக்கணும்னு அவன் கேட்டான். அவங்க இடுப்புல சொருகியிருந்த துணியை எடுத்துக்கிட்டே கதவைத் தொறந்தாங்க. உள்பக்கம் தகரம் வேர்த்திருந்துச்சு, சோத்துப்பானை மூடி மாதிரி. கம்பிக் கட்டுல முத்து முத்தா தண்ணி நிக்குது. அவங்க கை எட்டின எடத்தையெல்லாம் வழக்கம் போலத் தொடைக்க ஆரம்பிச்சாங்க. ஸ்விட்சு இருக்கிற எடம் உள்ள தள்ளி, கை எட்டாது.

தினமும் இப்படியான்னு கேட்டான். மழை பேஞ்ச மறுநாள் மட்டும்னாங்க. வெடிச்ச மூணு நாளுக்கும் முந்தின ராத்திரி மழை பேஞ்சுதான்னு கேட்டான். அவங்க யோசிக்கவே இல்ல, ஆமான்னாங்க. ஸ்விட்சுல தண்ணி நிக்கும்போது கரண்டை ஏத்தினா ஷார்ட்டாகி வெடிக்கத்தான் செய்யும். ஈரத்தை உலர்த்த உள்ள ஒரு ஹீட்டர் இருக்குமேக்கா, அது ஏன் ஓடலைன்னான்.

"அதை அமத்தி வச்சாச்சுலா. மலைப்பாம்பு வருது."

வருஷ ஆரம்பத்துல அஞ்சாம் நம்பர் கேபின்ல, சூட்டுக்கு வந்து சுருண்டு படுத்திருந்துச்சாம், தொடை தண்டி. செம்பனையை வெட்டினதும் அதுங்களுக்குப் போக்கிடம் இல்ல. பையன்கள்லாம் கேபின் பக்கமே போக மாட்டோம்னுட்டாங்க. பாஸ்தான் ஹீட்டரையெல்லாம் நிறுத்தச் சொன்னாரு. பாம்பும் நின்னுச்சு. நல்ல யோசனைன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க.

"ஏன்க்கா இதை அவங்ககிட்ட சொல்லல?"

"அவங்க எங்கிட்ட கேட்டது வெடிச்சப்ப சத்தம் எப்படி இருந்துச்சுன்னு மட்டுந்தான். அதைத்தான் சொன்னேன். நீ கேட்டியா? நீயும்தான் கேக்கல."

கேபினைப் பூட்டி, இயக்கக் கூடாதுங்கிற சிவப்பு அட்டையை மாட்டினான். மாட்டும்போதே தெரியும், இனி விஷயம் அவனோட தப்போட நிக்காது. பாஸ் சொன்ன உத்தரவும் வெளிய வரும். அந்த பாஸ் கையிலதான் பாரம் இருக்கு.

பத்து மணிக்கு மீட்டிங். ஏர்கான் ரூமு. மேசையில நாலு காப்பி ரிப்போர்ட்டு, நாலு பேனா. சுகுமாறன் பாஸ் எல்லாருக்கும் தே தாரிக், நம்ம ஊரு ஆத்தின டீ மாதிரி, சொல்லியிருந்தாரு. யோகேந்திரன் சார் பேனாவைக் கூட எடுத்துட்டாரு. அப்பத்தான் புனிதன் எந்திரிச்சு நின்னான். யாரும் நிக்கச் சொல்லல, காலேஜுல பாடம் நடத்தின பழக்கம்.

நெறைய யோசிச்சு வச்சிருந்தான், எதுவும் வரல. ஸ்பைக்கு மெஷின்ல இல்ல சார், என் ஒயருல இருந்துச்சுன்னு ஆரம்பிச்சான். ரெண்டு படத்தையும் சுவத்துல போட்டான். அப்புறம் தண்ணி, மழை, ஹீட்டர். ஹீட்டரை நிறுத்தினது யாருன்னு சொல்லல. நிறுத்தியிருக்குன்னு மட்டும் சொன்னான். சுகுமாறன் பாஸ் டீயை அப்படியே கீழ வச்சாரு.

டாக்டர் ரோகினி சொன்ன சொல்லைக் காப்பாத்தினாங்க. அவன் சொல்றது சரி, போட்டோவுல எனக்குத் தெரிஞ்சுது, நான் கேக்காம விட்டுட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. பேப்பர் கட்டைப் பைக்குள்ள வச்சு ஜிப்பைப் போட்டாங்க.

யோகேந்திரன் சார் எந்திரிச்சு சுவத்துக்கிட்ட போயி பதினாறு வோல்ட்டுப் படத்தை ரொம்ப நேரம் பாத்தாரு. இந்தத் தடவ கண்ணைத் தொறந்துக்கிட்டுப் பேசினாரு.

"ரெண்டு மாசமா என் பழைய டிராயிங்கை விரிச்சு வச்சு எங்க தப்பு பண்ணினேன்னு தேடிக்கிட்டிருந்தேன். கண்டுபிடிச்சும் வச்சிருக்கேன்லா. இல்லாத தப்பை. அதுக்குப் புது போர்டு வேற." திரும்பி புனிதனைப் பாத்தாரு. "ரிசைன் லெட்டர் கூட எழுதிட்டேன், தம்பி."

கோவமா, நிம்மதியான்னு அவர் குரல்ல தெரியல. புது போர்டை ஒரு தடவ கையில எடுத்துப் பாத்துட்டுப் பையில போட்டுக்கிட்டாரு. ரிப்போர்ட்டுல யாரும் கையெழுத்துப் போடல. டீயும் யாரும் குடிக்கல.

மதியமே எலக்ட்ரீசியன் ரெண்டு பேரு வந்து எல்லா கேபின்லயும் ஹீட்டரைப் போட்டாங்க. பாம்பு நுழையாம இருக்க ஓட்டைக்கெல்லாம் கம்பி வலை அடிச்சாங்க. லோகேஸ்வரி அக்கா கூடவே நின்னு, இங்க அடி, அங்க அடின்னு வேலை வாங்கினாங்க. அந்த வாரம் ரெண்டு நாள் நல்ல மழை. மறுநாள் காலையில உள்ள சொட்டுத் தண்ணி இல்ல. மூணாம் நம்பர் கேபின் சத்தமில்லாம எழும்புச்சு. அவங்க பட்டனை அமுக்கிட்டு அங்கயே நின்னு பூரி தின்னதை அவன் பாத்தான்.

வெள்ளிக்கெழமை சுகுமாறன் பாஸ் கூப்பிட்டாரு. பாரம் மேசையில அதே எடத்துலதான் இருந்துச்சு. உக்காரச் சொன்னாரு.

"உம் மேல எனக்கு வருத்தமில்ல தம்பி. மேல இருந்து ஒரு பேரு கேக்குறாங்க. என் பேரைக் குடுத்தா எனக்கு மூணு புள்ளைங்க."

அவரு அதைச் சொல்லும்போது அவனைப் பாக்கல. பாரத்துலயும் கையெழுத்துப் போடல. புனிதனும் சண்டை போடல. தப்பா அளந்தது அவன்தானே. அது பொய்யில்லையே. யோகேந்திரன் சாருக்குப் போன் போட்டுப் பாத்தான். அவங்க கம்பெனியில புதுசா ஆளே எடுக்கலையாம். லெட்டரு ஒண்ணு எழுதித் தரேன், எங்க போனாலும் காட்டுன்னாரு. லெட்டரு இன்னும் வரல. டாக்டர் ரோகினி கட்டுரையைத் திருப்பி வாங்கிட்டேன்னு ரெண்டு வரி மெசேஜு போட்டாங்க, அதுக்கப்புறம் பரிச்சை நேரம்னு பேச்சில்ல. லோகேஸ்வரி அக்காகிட்ட சொன்னதுக்கு, அடுத்து வர்ற பையனுக்கு நான் மறுபடியும் ஆனா ஆவன்னால இருந்து ஆரம்பிக்கணுமான்னு அலுத்துக்கிட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, ஊருக்குப் போய் நீ என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. தெரியலக்கான்னான். வெடிச்சிருந்தா என்னைத் தேடிப் பொறுக்கியிருப்பாங்கலா, நீ முழுசாத்தானே போறன்னாங்க. சிரிக்கிறதா வேணாமான்னு தெரியாம நின்னான்.

அவன்கிட்ட படிச்ச புள்ளைங்க நம்பரெல்லாம் இன்னும் போன்ல இருக்கு. நூத்தி இருபது பேருல எழுபத்தெட்டு பேருக்கு, க்ளிப்பைக் கழட்டு, ஸ்பிரிங்கைப் போடுன்னு மெசேஜு அனுப்பியிருக்கான். மூணு பேரு பதில் போட்டாங்க. அதுல ஒருத்தன் யாரு நீங்கன்னு கேட்டிருக்கான்.

வேலை பாஸு முடியிறது வர்ற மாசம் ஒன்பதாம் தேதி. டிக்கெட்டு கம்பெனியே போட்டுருச்சு, திருச்சிக்கு. வேற வேலை தேடிப் பாக்க நாள் இருக்கு, தேடிக்கிட்டும் இருக்கான், ஆனா களைப்பா இருக்கு.

போன்ல சொல்ல வரலைன்னுதான் எழுதினேன்; இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அப்பாகிட்ட, பையனுக்கு வேலை போச்சுன்னு மொதல்ல சொல்லிட்டு மிச்சத்தை அப்புறம் சொல்லாதீங்க. அவரை உக்கார வச்சு, மேல இருந்து வரிசையாப் படிச்சுக் காட்டுங்க. நடுவுல நிறுத்தாதீங்க.